கப்பல் விருந்துக்கு ஆத்தா உடுத்தியது

என் பிரியமுள்ள அப்பச்சிக்கு,

கப்பலில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்டியும் சொல்ல மாட்டேன், ஆத்தாவுக்காகக் குறைத்தும் சொல்ல மாட்டேன். நீங்கள் இருந்திருந்தால் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "பொறவு? பொறவு?" என்று கேட்டிருப்பீர்கள். கேட்பதாகவே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நாங்கள் பினாங்குக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். உங்கள் மூத்த மகள் வள்ளி ஆச்சிக்கு இது மாசம். தலைப்பிரசவத்துக்குத் தாய் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மாப்பிள்ளையே சொல்லி அனுப்பிவிட்டார். சித்தப்பாவும் அங்கே தம் கடைக்குத் திரும்புகிறார். அவர் துணையோடுதான் நாகப்பட்டினத்தில் ஏறினோம்.

இது நீங்கள் போய்வந்த பெரிய கப்பல் இல்லை. வெங்காய மூட்டை ஏற்றுகிற சின்னக் கப்பல். எங்கள் தலையணையில்கூட வெங்காய வாசனை. அறை எடுத்துப் பயணம் செய்கிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். எல்லாருக்கும் ஒரே சாப்பாட்டு அறை, ஒரே நீள மேசை. அதன் ஒரு கோடியில் கேப்டன் உட்காருவார்.

ஏறிய அன்றே பட்லர் ஓர் அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு 'ஈவினிங் டிரெஸ்' உடுத்தி வரவேண்டும் என்று அதில் அச்சடித்திருந்தது. எங்கள் மூவரில் இங்கிலீஷ் படித்தவள் நான் ஒருத்திதான். என் அகராதியில் அந்த இரண்டு சொற்களும் தனித்தனியாக இருந்தன, சேர்ந்து இல்லை. நானே சேர்த்துச் சொன்னேன்: "சாயங்கால உடுப்பு, ஆத்தா. வெளக்கு வைக்கிற நேரத்துக்கு உடுத்துறது."

"வெளக்கு வைக்கிற நேரத்துக்கா?" என்றாள் ஆத்தா. "அப்ப பட்டுக் கட்டி, பூ வச்சு, பொட்டு வச்சுப் போறவுகளுக்குச் சொல்லியிருக்கு. எனக்கில்ல. நீங்க போயிச் சாப்பிடுங்க."

"அதான் சரி, அண்ணமிண்டி. ஒங்களுக்கு இங்கிட்டே கொண்டாரச் சொல்றேன்" என்றார் சித்தப்பா தம் அண்ணியிடம். அவர் கவலை அவருக்கு; அறை எடுத்துப் போவது அவருக்கும் இதுதான் முதல் தடவை. விருந்துக்கென்றே திருச்சியில் தைத்த கறுப்புக் கோட்டை மடிப்பு நீவிக்கொண்டிருந்தார்.

நீங்கள் போன பிறகு ஆத்தா எப்படிச் சாப்பிடுகிறாள் என்று உங்களுக்குத் தெரியாது. எல்லாரும் கைகழுவிய பிறகு வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் சுவரைப் பார்த்து உட்காருகிறாள். சாப்பிட்டாளா இல்லையா என்றே தெரியாமல் எழுந்துவிடுகிறாள். யாராவது வெளியே கிளம்பும்போது அவள் எதிரே வந்துவிட்டால், கிளம்பியவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்படுகிறார்கள். அதனால் காலடிச் சத்தம் கேட்டாலே கதவுக்குப் பின்னால் போய்விடுகிறாள். நம் வீட்டில், அப்பச்சி. நீங்கள் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டில்.

கப்பலிலாவது அவள் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். அதை என் மொழிபெயர்ப்பே கெடுத்துவிட்டது.

அன்று ராத்திரி அரக்குப் பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு சித்தப்பாவோடு போனேன். உள்ளே நுழைந்ததும் திக்கென்றது. கேப்டன் உடுப்பு வெள்ளை. கப்பல் அதிகாரிகள் எல்லாரும் வெள்ளை. ரப்பர் தோட்டத்துத் துரை ஒருவர், அவரும் வெள்ளை. அவர் மனைவி கழுத்திலிருந்து கால்வரை வெள்ளை. ஏதோ கேத வீட்டுக்குள் வந்துவிட்டோமா என்று நினைத்தேன்.

பட்லர் நாகப்பட்டினத்துக்காரர். குனிந்து சோறு வைக்கும்போது மெதுவாகச் சொன்னார்: "செட்டியாரே, இந்தச் சூட்டுக் கடல்ல விருந்துன்னா வெள்ளைதான் போடுவாங்க. கறுப்பு குளுருக்கு."

"அட்டையில போடலியேப்பா?"

"தொரைமாருக்குத் தெரியும்னு விட்டுருப்பாங்க."

சித்தப்பா என் பக்கம் சாய்ந்தார். "ஏத்தா உமையா, பால்சோத்துல விழுந்த காக்கா மாதிரி இருக்கேனோ?"

"ஆமா சித்தப்பா" என்றேன். வேறென்ன சொல்வது?

சாப்பிட்டதும் அறைக்கு ஓடினேன். "ஆத்தா, எல்லாரும் வெள்ளைதான் உடுத்தியிருக்காக! விருந்துக்கு அதான் மரியாதையாம்! ஒன் சேலைதான் சரியான சேலை!"

ஆத்தா தன் வெள்ளை முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "அவுக காலையில எந்திரிச்சு வேற உடுத்திக்குவாக, புள்ள."

நான் என் பட்டுப் பாவாடையை மடித்துப் பெட்டியில் வைத்தேன், அப்பச்சி.

ஆனால் மறுநாள் சாயங்காலம் ஆத்தா தானாகவே முகம் கழுவி, துவைத்த சேலையை உடுத்திக்கொண்டாள். "மணியடிச்சாச் சொல்லு. சாப்பிட வரல, அந்த வெள்ளைக்காரி வெள்ளையில எப்பிடியிருக்கான்னு பாக்கணும்" என்றாள். நான் சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

வாசலில் நான் முன்னால், அவள் பின்னால். அவள் காலை உள்ளே வைத்ததும் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. கேப்டன், அதிகாரிகள், துரை, அங்கிருந்த ஆண்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள்.

ஆத்தா என் கையைப் பிடித்து இழுத்தாள். "வா புள்ள, போயிருவோம். நான் வந்துட்டேன்னு எந்திரிச்சுட்டாக. சோத்து முன்னால உக்காந்தவுகளைக் கெளப்பி விட்டுட்டேனே."

ஒரு கணம் நானும் அப்படித்தான் நினைத்தேன். நம் வீட்டில் வளர்ந்தவள் வேறெப்படி நினைப்பேன்? ஆனால் யாரும் நகரவில்லை. தண்ணீர் குடிக்கவும் இல்லை. கேப்டன் தம் வலப்பக்கத்து நாற்காலியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல்நாள் ராத்திரி நாங்கள் போனபோது யாரும் இன்னும் உட்காரவில்லை, எல்லாரும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அதனால் இந்த வழக்கம் என் கண்ணில் படவில்லை.

"அவுக போகல, ஆத்தா. நீ உக்காரணும்னு நிக்கிறாக."

"யாருக்கு? எனக்கா?"

"ஒனக்குத்தான்."

"எம்புட்டு நேரம் நிப்பாக?"

"நீ உக்கார்ற வரைக்கும்."

"அய்யய்யோ, சோறு ஆறிப்போகுமே!" என்று விறுவிறுவென்று போய் உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் அவர்கள் உட்கார்ந்தார்கள். சித்தப்பாவும் எழுந்திருந்தார், எல்லாருக்கும் கடைசியாக. அன்று அவர் வேட்டியும் வெள்ளைச் சட்டையும் உடுத்தி வந்திருந்தார்.

ஆத்தா சோறும் தயிரும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டாள். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினாள். "கேப்டனுக்குப் புள்ளைக எத்தனைன்னு கேளு" என்று என்னைக் கிள்ளினாள். மூன்று பெண்கள் என்று அவர் விரல் காட்டியதும், "எல்லாம் கட்டிக் குடுத்தாச்சா?" என்றாள். அதை நான் இங்கிலீஷில் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது சித்தப்பா மெதுவாகச் சொன்னார்: "அண்ணமிண்டி, இது கப்பல் வழக்கம். பொம்பளை யாரு வந்தாலும் எந்திரிப்பான். அவனுக்கு ஆளு தெரியாது. இதைக் கரையில மனசுல வச்சுக்கிராதீங்க. வள்ளிக்குப் புள்ளை பொறந்தா மொத ஆளாப் போயி நிக்கப்படாது."

"தெரியும் தம்பி" என்றாள் ஆத்தா.

அறையில் படுத்த பிறகு கேட்டாள்: "ஆளு தெரியாமத்தானே எந்திரிச்சாக?"

"ஆமா ஆத்தா."

"அதான் நல்லா இருந்துச்சு" என்றாள். சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள். அவள் இப்படி உடனே தூங்கி எத்தனையோ மாதம் ஆயிற்று.

உங்களிடம் கேட்க வேண்டும், அப்பச்சி. கப்பலைப் பற்றி எவ்வளவோ கதை சொன்னீர்கள். இதை ஏன் சொல்லவில்லை? ஏதாவது ஒரு மேசையில், முன்பின் தெரியாத ஒரு துரைசானிக்காக நீங்களும் எழுந்து நின்றிருக்கிறீர்களா? நம் வீட்டில் ஆத்தா உள்ளே வந்தபோது ஒருநாளாவது எழுந்தீர்களா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை. குறையாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான்.

பினாங்கு வீட்டில் யார் யார் இருப்பார்கள், என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. பேரப்பிள்ளையைப் பார்க்க ஆத்தா எப்போது உள்ளே வரலாம் என்பதை முடிவு செய்ய அங்கே பெரியவர்கள் இருப்பார்கள். அவர்களோடு வாதாட எனக்கு வயது பற்றாது. ஆனால் அவள் எப்போது வந்தாலும், யார் வீட்டுக்குள் வந்தாலும், நான் எழுந்து நிற்பேன். அவள் உட்காரும்வரை உட்கார மாட்டேன். அவளை எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே எழுந்து நிற்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இன்னும் எழுத இருக்கிறது. ஆனால் கப்பலில் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

உங்கள் இளைய மகள்,
உமையாள்