நம் கைனேஸ் வேலை செய்கிறது

இன்று காலை ஆய்வகக் கதவைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை முகத்தில் அடித்தது. யாரோ மெர்கேப்டோ எத்தனால் பாட்டிலைச் சரியாக மூடவில்லை. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். நான் மட்டும் அங்கேயே நின்றேன். சென்னையில் இந்த வாடையோடுதான் நாம் இரண்டு பேரும் நான்கு வருடம் கிடந்தோம். தென்காசிப் பள்ளியில் ஒரே பெஞ்சு, இங்கே ஒரே மேசை.

நம் வேலை என்னவென்று யாராவது கேட்டால் நீதான் முந்திக்கொள்வாய். "ஒடம்புல வீங்கணும்னு செல்லுக்குச் சேதி வருதுல்லா, அத உள்ள கடத்திவிடுத என்சைம் ஒண்ணு. கைனேஸ்னு பேரு. அதத் தனியாச் செஞ்சு எடுத்துட்டா, எந்த மருந்துக்கு அடங்குதுன்னு பாக்கலாம்." உன் விரல் மூட்டுகளிலும் அதே வீக்கம்தான் என்பதை மட்டும் சொல்ல மாட்டாய்.

அந்த என்சைமுக்கான மனித ஜீனைப் பாக்டீரியாவுக்குள் வைத்து எத்தனை முறை செய்து பார்த்தோம்! ஒவ்வொரு முறையும் புரோட்டீன் கட்டிகட்டியாகத் திரண்டு, ஒன்றுக்கும் உதவாமல் கிடந்தது. "போதும், வேற வேலையப் பாருங்க" என்றார் நம் பேராசிரியர். அந்தச் சாரல் சீசனில் ஊருக்கு வந்தோம். ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பஜ்ஜியைப் பிய்க்க முடியாமல் விரலை உதறிக்கொண்டே நீ சொன்னாய்:

"ஏட்டி, அழுது என்ன ஆவப்போவுது? பாக்டீரியாவுக்கு அத ஒழுங்கா மடிக்கத் தெரியல. பூச்சி செல்லுல வளத்துப் பாப்போம்."

"சார் விடமாட்டாருட்டி."

"நான் கேட்டுக்கிடுதேன்."

கேட்டாய். மூன்று மாத அவகாசத்தோடு வந்தாய். பூச்சி செல்களை வளர்த்தாய். நம் ஜீனைச் சுமக்கும் வைரஸைத் தயாரித்து உறைய வைத்தாய். அத்தோடு சரி. நுரையீரலில் வந்த தொற்று பத்தே நாளில் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

உறைபெட்டியில் இருந்த வைரஸ் குழாயின் மேல் உன் கோணல் கையெழுத்து. அதை வெளியே எடுக்கவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

எடுத்தேன். நீ எழுதி வைத்தபடியே வைரஸைப் பூச்சி செல்களில் விட்டு, அவை செய்த என்சைமைப் பிரித்தெடுத்தேன். சோதனைத் தட்டைக் கருவியில் வைத்தபோது, என்சைம் விடாத குழிகள் சும்மா கிடந்தன. விட்ட குழிகளில், அது வேலை செய்வதைக் காட்டும் எண்கள் ஏறின, ஏறிக்கொண்டே இருந்தன. கைனேஸ்களை அடக்கும் என்று முன்பே தெரிந்த ஒரு மருந்தைச் சேர்த்ததும் சரசரவென்று இறங்கின. நான் போட்ட சத்தத்தில் பேராசிரியரே ஓடிவந்தார். மூன்று முறை திரும்பச் செய்தோம். மூன்றிலும் அதே.

இப்போது மற்ற ஆய்வகங்கள் நம் கைனேஸைக் கேட்டு எழுதுகின்றன. கட்டுரையும் வந்துவிட்டது. முதல் பெயர் உன்னுடையது. பேராசிரியர்தான் அப்படிப் போடச் சொன்னார்.

அதை எடுத்துக்கொண்டு போன வாரம் தென்காசிக்கு உன் அம்மாவிடம் போனேன். உன் பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "என்னட்டி இது?" என்றார்கள்.

"அவ செய்ய நெனச்ச என்சைம் வேல செய்யுதும்மா. இனி அத வச்சு வீக்கத்துக்கு மருந்து தேடலாம்."

"அப்ப எம் மவ செயிச்சிட்டால்லா!"

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு உரக்கச் சொன்னார்கள். அந்தச் சத்தத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் அடுத்த கைனேஸைத் தொடங்கியிருக்கிறேன்.