தறியை நிறுத்திவிட்டு நீ கேட்டது

அக்கா,

இன்று காலை என் மகன் பேப்பரைப் படித்துக் காட்டினான். கருவிலேயே மரபணுவைத் திருத்திவிடலாம் என்று ஆராய்ச்சி நடக்கிறதாம். பலித்தால், காது கேட்காத குறை அந்தக் குழந்தைக்கு மட்டுமல்ல, அதன் வம்சத்துக்கே வராதாம். "பெரிம்மா காலத்துல இது இருந்திருந்தா நல்லாருந்திருக்கும், இல்லம்மா?" என்றான். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அவன்மேல் தப்பில்லை. உன்னை அவனுக்குப் போட்டோவில்தான் தெரியும்.

குடியாத்தத்தில் நம் கொட்டகையில் பவர்லூம் ஓடத் தொடங்கினால் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. நூல் அறுந்தால் இரண்டு விரலைப் பிரிப்போம். டீ வந்தால் கட்டைவிரலை வாயருகே சாய்ப்போம். அப்பா வந்தால் மீசையை முறுக்குவோம். லுங்கி நெய்த அத்தனை பேரும் அங்கே கையால்தான் பேசினோம். பிறவியிலேயே காது கேட்காத நீதான் அதில் பெரிய வாயாடி.

அம்மாவின் தம்பிக்கும் காது கேட்காது. சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்று அந்த மாமாவுக்கே உன்னைக் கட்டிவைத்தார் அப்பா. அப்பாவும் தன் அத்தை மகளைக் கட்டியவர்தான். நீயும் மாமாவும் ஆளுக்கொரு தறியில் நின்றுகொண்டு கையாலேயே சண்டை போடுவீர்கள். கொட்டகையே சிரிக்கும்.

எழுபதுகளின் கடைசியில் நீ முழுகாமல் இருந்தாய். வேலூரில் ஒரு டாக்டர், "ரெண்டு பேருக்கும் ஒரே வம்சத்துக் குறை. குழந்தைக்கும் காது கேட்காது" என்றார். அந்த விஞ்ஞானம் சரிதான். குழந்தை வேண்டுமா, வேண்டாமா என்று அவர் உன்னைக் கேட்டிருக்க வேண்டும். அப்பாவைக் கேட்டார்.

"இதுங்களாலயே பேஜார். இன்னொண்ணு வேறயா? இதோட நிக்கட்டும்" என்றார் அப்பா. கடைகளுக்கு லுங்கி போட்டுவரச் சொல்லி மாமாவை ஆம்பூருக்கு அனுப்பினார். சும்மா செக்கப் என்று உனக்குச் சைகை காட்டினார். கருவைக் கலைத்து, இனி பிறக்காதபடி ஆபரேஷனும் செய்துதான் உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அழுதுகொண்டே கையால் உனக்கு விஷயத்தைச் சொன்னவள் அம்மா.

தையல் பிரித்த அன்றே நீ கொட்டகைக்கு வந்தாய். மெயின் சுவிட்சை இறக்கினாய். எல்லாத் தறியும் நின்றது. அப்பா முன்னால் போய் நின்று உன் நெஞ்சைத் தொட்டாய், வயிற்றைத் தொட்டாய், பிறகு வெறும் கையை விரித்தாய். 'என்னைப் போல ஒன்று பிறந்தால் என்ன?' அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. உன் விரல் அசைந்தாலே படித்துவிடுகிற அப்பா எங்களைத் திரும்பிப் பார்த்து, "இன்னா சொல்றா இவ?" என்றார்.

அதற்காக அவரை நான் மன்னிக்கவே இல்லை, அக்கா. மன்னிக்கவும் மாட்டேன்.

பத்து வருஷத்தில் தறிச் சத்தமே அவர் காதையும் தின்றுவிட்டது. இடி விழுந்தாலும் கேட்காது. சோறு வேண்டும், வெந்நீர் வேண்டும் என்று உன்னிடம்தான் கையை ஆட்டுவார். நீயும் முகம் கோணாமல் செய்தாய். இந்த ஆள் பிறந்திருக்கவே வேண்டாம் என்று அப்போது ஒருவரும் சொல்லவில்லை.

நான் விஞ்ஞானத்துக்கு விரோதி இல்லை. வலியில் துடித்துச் சாகிற குழந்தைகளுக்கு இது வரமாகவே இருக்கலாம். ஆனால் எது நோய், எது இன்னொரு மாதிரி மனுஷி என்று பிரிக்கப் போகிறவர்கள் யார்? பிறக்காதவர்களைக் கேட்க முடியாதுதான். கண்ணெதிரே நின்ற உன்னையே யாரும் கேட்கவில்லையே!

மகனுக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் கை தானாக நெஞ்சைத் தொட்டது, வயிற்றைத் தொட்டது, விரிந்தது.

"இன்னாம்மா?" என்றான். அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை.