வடக்குச் சுவர்

டேய் அளவுகோல்,

நலம்தானே? இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் தங்கச்சி, அதாவது என் வீட்டுக்காரி, இந்தக் குளிரிலும் சாக்ஸ் இல்லாமல் நடக்கிறாள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், வேறொன்றுமில்லை.

போன வருஷம் நீ கட்டடப் பரிசோதகராக வந்து, என் புது வீட்டு வடக்குச் சுவரைச் சூடு குளிர் காட்டும் கேமராவில் பார்த்தாய். "உள்ளே குளிர் தடுக்கும் பஞ்சே இல்லைடா, கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாய். முப்பது வருஷமாக வீடு கட்டுகிறவனிடமா என்று குதித்தேன். நாலு பேர் முன்னால் உன்னை வெளியே போகச் சொன்னேன். சான்றிதழ் இல்லாமலே வீம்புக்குக் குடிவந்தேன்.

போன வாரம் அந்தச் சுவரை நானே உடைத்தேன். ஜன்னலுக்குக் கீழே இரண்டு முழம் வெறுமையாக இருந்தது. பஞ்சு தீர்ந்த அன்று, "சுவருக்குள்ளே எவன் எட்டிப் பார்க்கப் போறான், மூடுங்கடா" என்றது ஒரு வாய். யார் வாய் என்று எழுத வேண்டியதில்லை.

இப்போது அடைத்தாயிற்று. ஹீட்டர் பாதி நேரம் சும்மா கிடக்கிறது. "எங்கண்ணன் அன்னைக்கே சொல்லிச்சு" என்று உன் தங்கச்சி தினமும் காபியோடு சேர்த்து ஊற்றுகிறாள்.

நேற்று வேறொரு பரிசோதகர் வந்தார். வாசலில் நின்றபடியே பேனாவைத் திறந்தார். "இதுக்குக் கையெழுத்துப் போட வேண்டிய ஆள் வேற" என்று அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வா. கேமராவை மறக்காதே. மற்ற மூன்று சுவரைப் பார்ப்பதற்குள் உன்னை விரட்டிவிட்டேனே, கட்டும்போது பஞ்சு எந்தச் சுவரில் தீர ஆரம்பித்தது என்று எனக்கும் சரியாக ஞாபகமில்லை.

சுத்தியலும் கையுமாக,
உன் பழைய வீம்பன்