துரை மகனின் கல்

நம் பிள்ளைகளின் அப்பாவுக்கு,

கொழும்புக் கடையில் வேலை எப்படி? இங்கே மழை விடவில்லை.

நேற்று ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தாள். நம் தேயிலைத் தோட்டத்தின் பழைய துரை அவளுடைய பாட்டனாராம். அவருடைய மகன் உலக யுத்தத்தில் இருபது வயதில் செத்தவன். தோட்டத்துத் தேவாலயச் சுவரில் அவன் பெயர் பொறித்த கல் இருக்கிறதே, அதைத் தேடி வந்திருக்கிறாள். வேலை மேற்பார்க்கும் கண்டாக்கையா என்னைப் பாசி சுரண்ட அனுப்பினார். எழுத்து தெரிந்ததும் அவள் தடவித் தடவி அழுதாள். பிறகு கூட வந்த தமிழ்ப் பையனிடம் ஏதோ கேட்கச் சொன்னாள்.

"ஒங்க வீட்டுலயும் யாராச்சும் சண்டைக்குப் போனாங்களான்னு கேக்குறாங்க."

"எம் மகன் இயக்கத்துக்குப் போனான். வன்னியில செத்தான். பேரு பிரதாப். அவனுக்கு எங்கயும் கல்லு இல்லன்னு சொல்லுங்க."

இத்தனை வருடமாக வீட்டுக்குள் நீங்கள் சொல்லவிடாத பெயர்.

அந்தப் பையன் சுற்றிலும் பார்த்தான். "எதுக்குங்கம்மா வம்பு?" என்று முணுமுணுத்துவிட்டு, அவளிடம் "நோ" என்றான். அந்த அளவு இங்கிலீஷ் எனக்கும் தெரியும். அவள், நான் கொடுத்துவைத்தவள் என்பதுபோல் சிரித்து, என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

அங்கே நீங்கள் நின்றிருந்தாலும் அந்த 'நோ'வைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

தீபாவளிக்குப் பிரதாப் பெயரைச் சொல்லித்தான் படையல் வைப்பேன். பிடிக்காவிட்டால் வரவேண்டாம்.

இப்படிக்கு,
அவனைப் பெற்றவள்