349-இல் இல்லாத கோடு

அண்ணா,

உங்களுக்கு எழுதுவதற்கே முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அன்னூரில் உங்கள் மருந்துக்கடை வாசலில் நின்று அத்தனை பேர் முன்னால் பேசியவள் நான். அதன்பின் நீங்கள் இருந்தவரை உங்களிடம் ஒரு சொல்லும் பேசாதவள்.

சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் பயிற்சிக்கு வந்திருக்கிறேன். இன்று காலை ஆம்பிசிலின் புட்டியொன்றைத் திறந்தபோது லேசான கந்தக வாடை எழுந்தது. உங்கள் கடையின் வாடை அது. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

அம்மாவின் பாதத்தில் காய்ந்த பருத்திமார்க் குச்சி குத்தியபோது நான் கோவை விடுதியில் இருந்தேன். மாமன் இரண்டு முறை போன் செய்தார். "பரீட்சை முடிஞ்சதும் வாரேனுங்க மாமா," என்றேன். எங்கள் வளவுக் குடியிருப்பிலேயே முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். டாக்டரிடம் பேச நான் வேண்டுமென்று அம்மா ஆறு நாள் காத்திருந்தாள். பிறகு காய்ச்சலோடு மாமன் கூட்டிப்போனார். டாக்டர் எழுதிய ஆம்பிசிலினை நீங்கள் கொடுத்தீர்கள். படிக்கத் தெரியாதவள் என்பதால் அட்டையைக் கத்தரித்து மூன்று உறைகளில் போட்டு, உதிக்கிற சூரியன், உச்சிச் சூரியன், நிலா என்று பேனாவால் வரைந்து கொடுத்திருந்தீர்கள். நான் ஊர் வந்தபோது அம்மா உயிரோடு இல்லை. நிலா உறையில் இரண்டு கேப்ஸ்யூல் மிச்சம் இருந்தது.

அவற்றை எங்கள் கல்லூரி வேதியியல் துறையிலிருந்து சோதனைக்குப் போகும் மாதிரிகளோடு சேர்த்து அனுப்பினேன். மூலக்கூறுகளை எடைபோடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் அப்போது எங்களிடம் இல்லை. ஒரு மாதம் கழித்துக் காகிதம் வந்தது. ஆம்பிசிலினின் எடை 349. காகிதத்தில் 349-இல் கோடே இல்லை. 106-இலும் 114-இலும் 160-இலும்தான் கோடுகள். மருந்து இருக்க வேண்டிய இடத்தில் வேறு எதுவோ இருக்கிறது என்று நானே முடிவுகட்டினேன். பேராசிரியரிடம் கேட்டிருக்கலாம். கூச்சம். அதைவிட, அம்மாவின் சாவுக்கு என்னைத் தவிர வேறு யாராவது காரணமாக வேண்டியிருந்தது.

காகிதத்தோடு உங்கள் கடைக்கு வந்த அன்று சந்தை நாள். "இதுல மருந்தே இல்லீங்க. வெறும் மாவு," என்றேன். என் வாழ்நாளில் நான் சத்தமாகப் பேசியது அன்றுதான்.

நீங்கள் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க அம்மணி. ஆனா இதே டப்பாவுலதான் எம்பட புள்ளைக்கும் குடுத்தேனுங்க."

"உங்க புள்ள பொழச்சுக்கிச்சுங்க. எங்கக்கா போயிட்டாளுங்களே," என்றார் மாமன்.

"படிச்ச புள்ள பொய்யா சொல்லும்?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அடுத்த வாரமே உங்கள் கடைக்கு மாவுக்கடை என்று பேர் விழுந்தது. "ஏனுங்க, இன்னைக்கு இட்லி மாவுங்களா, தோசை மாவுங்களா?" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்டுச் சிரிப்பார்களாம். நான் முறையாகப் புகார் கொடுத்திருந்தால் அரசுச் சோதனை உங்களைக் காப்பாற்றியிருக்கும். வாயால் சொன்னதற்கு மறுசோதனை ஏது? பொங்கலுக்குள் கடையை அடைத்தீர்கள். ஆடியில் நெஞ்சுவலி. "மாவுக்கடைக்காரர் போயிட்டாருங்க கண்ணு," என்றுதான் மாமன் போனில் சொன்னார்.

இன்று புட்டியில் இருந்தது கலப்படமற்ற ஆம்பிசிலின். பயிற்சிக்கென்றே வைத்திருப்பது. அதை வைத்ததும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் காகிதத்தைத் தள்ளியது. 106. 114. 160. 349-இல் ஒன்றுமில்லை.

"முழு மருந்து எங்க சார்?" என்று கேட்டேன்.

"முழுசா வராதும்மா. இந்த மூலக்கூறுல நாலு மூலையா ஒரு வளையம் இருக்கு பாரு, அது ரொம்பப் பலவீனம். இந்த மெஷின்ல சூடாக்கி எலக்ட்ரானால அடிக்கிறோம். ஒடஞ்சுதான் வரும். இந்தத் துண்டுங்களை வெச்சுத்தான் ஆம்பிசிலின்னே சொல்றோம்," என்றார் பயிற்சி கொடுத்தவர். சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

என் பக்கத்து நியாயம் என்று பையிலேயே வைத்திருந்த பழைய காகிதத்தை எடுத்து அருகில் வைத்தேன். கோட்டுக்குக் கோடு ஒத்துப்போனது. அன்று நான் கூட்டத்தின் முன் ஆட்டிக் காட்டியது உங்களுக்கான சாட்சி, அண்ணா. ஐயமில்லாத மருந்து ஒன்றையும் கூட அனுப்பி ஒப்பிட்டிருந்தால் போதும். உங்களிடம் கேட்டிருந்தால் வேறு டப்பாவிலிருந்து நீங்களே எடுத்துக் கொடுத்திருப்பீர்கள். அம்மாவைக் கொன்றது அந்த ஆறு நாள். அவள் காத்திருந்தது எனக்காக.

இனி எந்த மாதிரி என் மேசைக்கு வந்தாலும் தெரிந்த ஒன்றைப் பக்கத்தில் வைக்காமல் எதுவும் சொல்லமாட்டேன். அது உங்களுக்கு எதற்கும் உதவாது என்பதும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருகிறேன். முதலில் உங்கள் மனைவியிடம் சொல்ல வேண்டும். பிறகு மாமனிடம், பிறகு கேட்கிற எல்லோரிடமும். உங்கள் மனைவியை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. என்னைப் பார்த்ததும் "வாங்க கண்ணு, உக்காருங்க, பிரயாணமெல்லாம் சௌகரியங்களா?" என்பார். அங்கே யார் வந்தாலும் அப்படித்தான். உட்கார்ந்தால் காபி குடிப்பேன், பிள்ளையின் படிப்பை விசாரிப்பேன், சொல்லாமலே எழுந்து வந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

கேட்கக் கூடாதுதான். இருந்தாலும் கேட்கிறேன். அன்றைக்கு ஒரு நாள் மட்டும், அவர் என்னை உட்காரச் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.