ஒரு ஜாடித் தயிரின் எடை

என் கண்ணான நெவெனாவுக்கு,

நம் மலையூர் தேவினிலிருந்து அம்மா. எனக்கும் அப்பாவுக்கும் இங்கே ஒரு குறையுமில்லை, அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் திடமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன், அப்பா இதைப் படமெடுத்து அனுப்புவார். நம் டுட்மானிக் ரொட்டி இரண்டு தடவையும் நடுவில் வேகாமல் களியாய்ப் போனதாமே, நீ வேலை பார்க்கும் அந்த டொராண்டோ பேக்கரித் தலைவர் தட்டைத் தள்ளிவிட்டு, "ஜாடிக்கணக்கெல்லாம் உங்க வீட்டோட வச்சுக்கம்மா, தயிரைக் கிராம்ல போடு, சனிக்கிழமையும் சொதப்பினா இந்த ரொட்டியே இங்க கிடையாது" என்றாராமே. கிடையாது என்று சொல்ல அவர் யார்? ஒரு ஜாடி ஆட்டுப்பால் தயிர், இரண்டு ஜாடி மாவு, நான்கு முட்டை, சோடா, வெள்ளைப் பாலாடைக்கட்டி என்று முப்பது வருடமாகச் சுடுகிறேன், ஒரு நாளும் களியானதில்லை. தராசு இல்லாமல்தான் ஊரே என் வீட்டில் தின்றது.

நான் எடை போடவே மாட்டேன் என்றுதான் இருந்தேன். நேற்று உன் அத்தை பென்கா வந்து, "பெத்த பொண்ணா இருந்தாலும் கைப்பக்குவத்தைக் கொடுக்க உனக்கு மனசு வராது அண்ணி, எதையோ மறைச்சிட்ட" என்றாள் பார், உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நானா மறைப்பேன், உன்னிடமா? தயிர் ஜாடியைத் தூக்கிக்கொண்டு நேரே மித்கோவின் கறிக்கடைத் தராசுக்குப் போனேன், அவளும் பின்னாலேயே வந்தாள். "என்ன வெலிகாக்கா, தயிரையும் கொத்திக் கொடுக்கணுமா?" என்று சிரித்தான் அவன். வெறும் ஜாடியின் எடையைக் கழித்தால் தயிர் ஐந்நூறு கிராம். நீ போட்டதும் அதே ஐந்நூறு. பென்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாடி, உன் கண்ணெதிரிலேயே சுடுகிறேன் என்று அவளை வீட்டுக்கு இழுத்து வந்தேன்.

ஜாடியைத் திறந்தேன். கை தானாகக் கரண்டியை எடுத்தது, மேலே மஞ்சளாய்க் கட்டியிருந்த ஏட்டைத் தனியாக ஒரு கிண்ணத்தில் போட்டது. "அது யாருக்கு அண்ணி?" என்றாள் பென்கா. நாலு வயதிலிருந்து நீ அடுப்படியில் வந்து நிற்பாய், உனக்குத்தான் அந்த ஏடு, தேன் ஊற்றிக் கொடுப்பேன், அதை நான் ரொட்டிக் கணக்கில் சேர்த்ததே இல்லை. நீ போய் ஆறு வருடமாகிறது, இன்னமும் எடுத்துவைக்கிறேன், உன் பெயரைச் சொல்லி நானே தின்கிறேன், அடுப்பு முன்னால் நின்று அழுதுகொண்டு தின்ற நாளும் உண்டு. ஜாடியைத் திரும்பவும் மித்கோவிடம் கொண்டு ஓடினேன். நானூற்று நாற்பது. முப்பது வருடமாக என் கை சரியாகத்தான் இருந்திருக்கிறது, உனக்குச் சொல்லிக் கொடுத்தபோது வாய்தான் தப்பாகச் சொல்லியிருக்கிறது. அதில் சுட்ட ரொட்டியில் பென்கா இரண்டு துண்டு தின்றுவிட்டு, மூன்றாவதுக்குத் தட்டை நீட்டினாள்.

ஆகவே சனிக்கிழமை நானூற்று நாற்பது போடு. அங்கே கிடைக்கும் தயிரில் ஏடே கட்டாது என்றாய், அதனால் நேராக எடை போட்டுக்கொள். சோடா போட்டதும் பொங்கும், அகலப் பாத்திரத்தில் கலக்கு, அடுப்பு நன்றாகச் சூடேறும்வரை தட்டை உள்ளே வைக்காதே. தலையைக் குனிந்துகொண்டு அவர் முன்னால் நிற்காதே, உனக்கு அந்த வேலையைவிட்டால் வேறு கதியில்லையா என்ன? ஜாடியில் பாக்கி அறுபது கிராம் எங்கே போனது என்று கேட்டால், நிமிர்ந்து நின்று, அது என் பங்கு, எங்கள் அம்மா யாருக்கும் கொடுக்க மாட்டாள் என்று சொல்.

கடவுள் உன் கையைவிட்டு விலகாமல் இருக்கட்டும், நீ தொட்ட மாவெல்லாம் பொங்கி வரட்டும். சனிக்கிழமை ராத்திரி எந்நேரமானாலும் போன் பண்ணு, கத்த மாட்டேன்.

உன் பங்கை இன்றும் எடுத்துவைத்திருக்கும்
அம்மா வெலிகா