பால்காய்ப்பு டிஸ்க்

வடிவு,

நம் புதுவீட்டுப் பால்காய்ப்பில், முதல் பந்தியின்போது அங்கே இருந்த நம் குடும்பத்தார் நான், நீ, இப்போது உயிரோடு இல்லாத என் தம்பி கிருஷ்ணமணி, கேமராவில் படம் எடுத்த உன் அண்ணன்.

டிஸ்க் வெறுமையாக இல்லை. எடுத்தபின் கேமராவிலேயே அதை 'ஃபைனலைஸ்' செய்து முடித்துவைக்க அவர் மறந்ததால்தான் எந்த டிவிடி பெட்டியிலும் ஓடவில்லை. நாகர்கோவில் கடைக்காரர் படத்தை மீட்டுத்தருவதாகச் சொல்கிறார். அங்கேதான் போகிறேன், வாங்காமல் திரும்பமாட்டேன்.

தம்பி மகன் ஸ்ரீஜித் பத்து மணிக்கு வருவான். "பால்காய்ப்பு அன்னைக்கு எங்கப்பாவப் பட்டினியாட்டுல்லா அனுப்புனிய, பெரியம்மா" என்பான். தர்க்கம் வேண்டாம். புட்டும் கடலையும் கொடுத்து, நான் வரும்வரை இருத்திவை.

அன்று எடுத்த இரண்டாவது டிஸ்க் மேசையில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் போடாதே, அழிக்கவா என்று கேட்கும். நேற்று நீ 'சரி' அழுத்தப்போனதால்தான் கத்தினேன். மாத்திரையைச் சாப்பிடு.

கீழே உள்ளதை ஸ்ரீஜித்திடம் காட்டு:

உன் அப்பா பட்டினியாகப் போகவில்லை. அடப்பிரதமன் பாயசம் இரண்டு தடவை கேட்டு வாங்கினான். இலையில் விளம்பியது நான்.